தலைசாய்த்து வாசிக்கிறவன்

டிக், டிக், டிக், டிக் என்று, ஆளுயரப் பல்லி ஒன்று தென்னைமரத்தில் ஒட்டிக்கொண்டு ஊரார் பேசுவதற்கெல்லாம் ஆமாம் போடுவதைப் போல, அந்தச் சத்தம் கடற்கரைச் சாலை விடுதியின் புல்தரை முழுக்க விழுந்துகொண்டிருக்கிறது, சாயங்கால வெயில், கையில் மோர்க்குழம்பு நிறத்துப் பானத்தோடு நிற்கிற ஜனங்கள், எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை, என் காதில் இரண்டு அடைப்பான்கள், அவற்றுக்குள் என் இசை, முதல்முறையாக எந்த டிக்கும் இல்லாமல், வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகிறது, ஆகா, நானும் காலமும் ஒன்றாகிவிட்டோம் என்று நான் கண்ணை மூடுகிறேன், ஞானம் வருகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். விஷயம் ரொம்பச் சின்னது, மின்னிசை வாசிக்கிறவன் காதுக்குள் பாட்டோடு சேர்ந்து தப்பாமல் ஒரு டிக் ஓடும், நடை தவறாமல் இருப்பதற்கு, அது அவனுக்கு மட்டும், அவன் காதுக்குப் போகிற ஒயர் வேறு, ஜனங்களுக்குப் போகிற ஒயர் வேறு, சவுண்டுக்காரர் மாசிலாமணி மத்தியானமே வந்து ஒன்றில் பச்சை டேப்பும் மற்றதில் சிவப்பு டேப்பும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார், போட்டோவில் அசிங்கமாக விழும் என்று இரண்டையும் உரித்து எறிந்தவன் நான், ஒயருக்கு எதுக்குங்க பொட்டு என்று ஒரு ஜோக்கும் அடித்துவிட்டு, என் கையாலேயே மாற்றிச் செருகினேன். அதோ மாசிலாமணி, மிக்சருக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டுகிறார், பாவம், இத்தனை வருஷம் கல்யாண மண்டபங்களில் காய்ந்த மனிதர், என் இசை அவரையே ஆட வைத்துவிட்டது என்று நானும் கையை ஆட்டுகிறேன், அவர் இன்னும் வேகமாக ஆட்டுகிறார், நானும் ஆட்டுகிறேன், கழுத்தை அறுப்பது போல ஒரு சைகை காட்டுகிறார், இந்தக் காலத்து நடனம் போல என்று அதையும் திருப்பிச் செய்கிறேன், எனக்குப் பின்னால் திரையில் என் பழைய பேண்டின் டெரன்ஸின் நிழல், தலையைச் சாய்த்துக்கொண்டு டிரம் வாசிக்கிற நிழல், ஒவ்வொரு அடிக்கும் வெட்டி வெட்டி விழுகிறது, எனக்கு முன்னால், இடப்பக்கம், ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போலப் போட்ட சோபாவில் நிஜ டெரன்ஸ், ராஜ மரியாதை, நான்தான் போடச் சொன்னேன், பக்கத்தில் அவன் மனைவி டாஃப்னி கைக்குட்டையைக் கிழித்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டிருக்கிறாள், டெரன்ஸ் கண்ணை மூடித் தலையாட்டுகிறான், மெதுவாக, சுகமாக, சம்மதம் சொல்கிற மாமனார் போல.

முடிந்து இறங்கியதும் மாசிலாமணி என் கையைப் பிடித்து, சார், உங்க காதுக்குப் போக வேண்டியது ஊருக்குப் போச்சு சார், ஊருக்குப் போக வேண்டியது உங்க காதுக்கு வந்துச்சு, பாட்டு முழுக்க டிக் டிக்குன்னு கடிகாரக் கடை மாதிரி இருந்துச்சு சார், நான் கையக் காலை ஆட்டுனேனே, நீங்க பதிலுக்கு டாட்டா காட்டுறீங்க, என்று சொன்னபோது எனக்குப் புல்தரை நகர்ந்தது, யாரோ ஒரு தாடிக்காரர் வந்து, அந்த டிக் ரொம்பத் துணிச்சல் ப்ரோ, முதலாளித்துவத்தோட இதயத்துடிப்பு மாதிரி இருந்துச்சு என்றார், நான் ஆமாம், அதேதான் என்றேன், வேறு என்ன சொல்ல, அப்புறம் டாஃப்னி வந்தாள், காதிலிருந்து கைக்குட்டைத் துண்டுகளை உருவிக்கொண்டே, என்னா மேன், உன் மெஷினுக்குள்ள பல்லி பூந்துக்கிச்சா, இதுக்குப் போய் நான் சில்க் சாரி கட்டிக்கினு வந்தேன் பாரு என்றாள், அவளுக்குப் பின்னாலிருந்து டெரன்ஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான், சூப்பர் மச்சான், சுத்தமா இருந்துச்சு, என்றான்.

சுத்தமா. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன், பல் விளக்கும்போது அது வாயில் இருந்தது, சோற்றில் இருந்தது, பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த டெரன்ஸ், என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை, நான் எழுதிய முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, மச்சான் இதுக்கு நீ பேங்க் பரீட்சையே எழுதியிருக்கலாம் என்றவன், அவன் சுத்தமா என்று சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம், கேலியா, கேலி என்றால் பரவாயில்லை, கேலிக்கு நான் பழகியவன், என்னை நானே செய்துகொள்வதில் பாதிகூட அடுத்தவர்கள் செய்ய முடியாது, இரக்கமா, இரக்கம் என்றால் என்னால் தாங்க முடியாது, ஊரே பல்லிச் சத்தம் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, பாவம், இவன் மனசு நோகக் கூடாது என்று அவன் முடிவு செய்தானா, அப்படியானால் பேண்டில் இருந்தவர்கள் எல்லோரும் எப்போதுமே அப்படித்தான் செய்தார்களா, அன்றைக்கு பேக்கரியிலும் அதைத்தான் செய்தார்களா. இதுதான் எனக்குத் தெரிய வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், இடிதாங்கி ஏன் உடைந்தது, யாராவது ஒருத்தர் நேராகச் சொன்னால் போதும்.

இடிதாங்கி என்பது எங்கள் பேண்டின் பெயர், பெயர் வைத்தவன் நான், பெயர் வைப்பதுதான் எனக்கு நன்றாக வரும், பாட வந்தவள் யாமினி, பேஸ் கிடார் ஜெயசிங், டிரம் டெரன்ஸ், கிடாரும் பாட்டெழுதுவதும் கர்வமும் நான், பெரம்பூரில் டெரன்ஸின் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று வாங்கிய வீட்டின் பின்கட்டில் ஒரு தகர ஷெட், அதற்குள் நான்கு பேர், முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தோம், அதனால் சத்தம் வெளியே போகவில்லை, உள்ளேயே சுற்றியது, நாங்கள் அதற்குள் வெந்தோம், நான் இப்போது கண்ணை மூடினாலும் அந்த ஷெட்டுக்குள்தான் போய் விழுகிறேன், என் ஆம்ப்ளிஃபயர் அங்கே டெரன்ஸின் இடப்பக்கம் ஒரு கறுப்பு எருமை போல உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறந்து அவன் காதைப் பார்த்துக்கொண்டு, வேறு இடம் இல்லை, இருந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன், அங்கே வைத்தால்தான் எனக்கு எருமையின் குரல் நன்றாகக் கேட்டது, நான் குமிழைத் திருகுகிறேன், எருமை கத்துகிறது, இன்னும் திருகுகிறேன், யாமினி, டேய் நான் பாடுறது எனக்கே கேக்கலடா என்கிறாள், அது நல்லதுக்குத்தான் என்கிறேன் நான், எல்லோரும் சிரிக்கிறார்கள், யாமினியும் சிரிக்கிறாள், சிரித்தாளா, இப்போது பார்த்தால் அவள் முகம் சிரிப்பது போல இல்லை, கனவில் வருகிறவர்களின் முகம் போல வெறும் வாய் மட்டும் இருக்கிறது, டெரன்ஸ் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க வாசிக்கிறான், அடடா, என்ன லயிப்பு, என்ன ஒரு தவம், அந்தச் சாய்வுதான் இடிதாங்கியின் முத்திரையாயிற்று, கல்லூரிப் பிள்ளைகள் அவனைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் தட்டினார்கள், நான் அதைப் படம் பிடித்து பனியனில் அச்சடித்து விற்றேன், தலைசாய்த்து வாசிக்கிறவன், கறுப்பு பனியனில் வெள்ளை நிழல், அப்புறம் நான் தனியாளானபோது என் முதல் ஆல்பத்தின் அட்டையிலும் அதையே போட்டேன், அவனைக் கேட்கவில்லை, நண்பனின் நிழலுக்கெல்லாமா அனுமதி கேட்பார்கள்.

ஒருநாள் டெரன்ஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, மச்சான், ஆம்ப்பக் கொஞ்சம் கொறைடா, வீட்டுக்குப் போயும் காதுல ரயில் ஓடுது என்றான், நான் உடனே, நீ இருக்கிறது பெரம்பூர், உன் காதுல ரயில் ஓடாம கப்பலா ஓடும் என்றேன், ஜெயசிங் சிரித்துச் சிரித்து ஆம்ப் மேலேயே சாய்ந்துவிட்டான், டெரன்ஸும் சிரித்தான், அது நல்ல ஜோக், இப்போதும் நல்ல ஜோக்தான், அதுதான் அதோடு உள்ள பிரச்சினை, அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பாட்டாக்கினேன், கொறைக்கச் சொல்லாத, கொறைக்க மாட்டேன், காதுல ரயிலு ஓடட்டுமே, பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது, அப்படி வந்த பாட்டு எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அதுதான் எங்களை ஊர் ஊராகக் கூட்டிப் போனது, கோயம்புத்தூரில், திருச்சியில், கல்லூரி மைதானங்களில், ஆயிரம் பிள்ளைகள் கையைத் தூக்கி, ரயிலு ஓடட்டுமே ஓடட்டுமே என்று கத்த, நான் எருமையின் குமிழை அந்த வரி வரும்போதெல்லாம் இன்னும் ஒரு திருகு திருகுவேன், அது ஒரு சடங்கு போல, கூட்டம் அந்தத் திருகலுக்காகவே காத்திருக்கும், டெரன்ஸ் அந்த இடத்தில்தான் தலையை நன்றாகச் சாய்ப்பான், இன்னும் இன்னும், தோளில் காதை வைத்து அடைத்துவிடுவது போல, கூட்டம் வெறி பிடித்துப்போகும், நானும்.

பிறகு பேக்கரி வருகிறது, எப்போதும் பேக்கரிதான் வருகிறது, பெரம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரில், பகல் பதினொரு மணி வெயிலில், கண்ணாடிக்குப் பின்னால் கேக்குகள் வேர்த்துக்கொண்டிருக்கின்றன, நான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறோம், மூன்று பேர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும், பெண் பார்க்க வந்தவர்கள் போல, ஜெயசிங் முதலில் ஆரம்பிக்கிறான், எங்கப்பாவுக்கு சுகர் ஜாஸ்தியாயிடுச்சுடா, நான் கூட இருக்கணும் என்கிறான், அந்த அப்பாவை நான் அடுத்த மாதமே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், இலையில் மூன்றாவது குலாப் ஜாமூனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் தம்பி நல்லா இருக்கீங்களா என்று வாய் நிறையக் கேட்டார், யாமினி, நாம எல்லாரும் வளர்ந்துட்டோம்டா, அவ்ளோதான் என்றாள், அதற்கு என்ன அர்த்தம், செருப்பு அளவா மாறிவிட்டது, வளர்ந்தால் வளரட்டுமே, நான் டெரன்ஸைப் பார்த்தேன், அவன் வெஜ் பப்ஸின் மேல்தோலை ஒவ்வொரு இதழாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான், நீ சொல்றா என்றேன், அவன் நிமிரவில்லை, டெரன்ஸ், உன்னத்தான்டா, நான் என்ன பண்ணேன் சொல்லு என்று மேஜையைத் தட்டினேன், அப்போதுதான் நிமிர்ந்தான், விடு மச்சான் என்றான், விடு மச்சான், இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, ஒரு வாழ்க்கைக்கு.

அப்புறம் நான் படுத்தேன், அழகாகச் சொல்ல வேண்டுமென்றால் தனிமைக்குள் இறங்கினேன், உண்மையில் படுத்தேன், அம்மா கதவருகில் நின்று, எந்திரிடா, வீட்டப் பெருக்கணும் என்பார், எங்கள் ஹார்ட் டிஸ்க் என்னிடம்தான் இருந்தது, ஷெட்டில் பதிந்ததெல்லாம் அதில், ஒவ்வொருவரும் தனித்தனி இழையாக, ஒருநாள் டெரன்ஸை மட்டும் போட்டுக் கேட்டேன், மற்ற மூன்று பேரையும் வாயடைத்துவிட்டு, வெறும் டிரம், ஒரு காலி வீட்டில் ஒரு ஆள் நடந்து திரிவது போல இருந்தது, அழுதேன், அழுதுகொண்டே ஒரு அடியை வெட்டி எடுத்தேன், தும் என்று ஒன்று, தக் என்று ஒன்று, சின்னச் சின்னத் துண்டுகளாக, கறிக்கடையில் செய்வது போல, அவன் அடி எப்போதும் ஒரு இம்மி பிந்தி விழும், அதுதான் அவன், நாங்கள் அதற்கு டெரன்ஸ் டைம் என்று பெயர் வைத்திருந்தோம், மெஷினில் எல்லாவற்றுக்கும் கோடு இருக்கிறது, நான் ஒவ்வொரு அடியையும் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்தினேன், பிரேயருக்கு வரிசை நிற்கிற பிள்ளைகள் போல நின்றன, மெஷின் நல்ல மெஷின், அதற்கு அப்பா இல்லை, சுகர் இல்லை, அது வளரவில்லை, குறைக்கச் சொல்லவில்லை, இப்படித்தான் நான் புதுப்பிறவி எடுத்தேன், கிடாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒற்றைமின் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டேன், அம்மா கேட்டுவிட்டு, ஈபி ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கேடா என்றார், ஆல்பத்துக்கு உடைந்தபின் என்று பெயர், அத்தனை தாளமும் டெரன்ஸின் கை, அத்தனை துக்கமும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன், பேட்டி எடுக்க வந்த பெண், இடிதாங்கி ஏன் உடைந்தது என்று கேட்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன், சில கேள்விகளுக்கு மௌனம்தான் இசை என்பேன், வெளியே போய் வாந்தி எடுக்கலாம் போல இருக்கும், ஆனால் நன்றாக எழுதியிருப்பாள்.

அந்தப் பல்லிக் கச்சேரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த மத்தியானம், பெரம்பூர் வீட்டு வாசலில் நிற்கிறேன், டாஃப்னி கதவைத் திறந்து, வா மேன், பல்லி எப்டி இருக்கு என்கிறாள், டெரன்ஸ் கூடத்தில் டிவி பார்க்கிறான், சத்தம் தெருவுக்கே கேட்கிறது, முடி நரைத்து, வயிறு வைத்து, கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைகூட அதைக் கழற்றுவதில்லை, மச்சான் என்று எழுந்து என்னைக் கட்டிக்கொள்கிறான், என்னை இழுத்துக்கொண்டுபோய் அவனுடைய வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறான், நான் இடப்பக்கம் உட்காரப் போனபோது, அங்க இல்ல, இங்க, இங்க, என்கிறான், வெயில் படுகிறது அதனால் என்று நினைத்துக்கொள்கிறேன், மஞ்சள் தேங்காய்ச் சோறும், கொத்துக்கறி உருண்டைக் குழம்பும், கண்ணில் நீர் வரவைக்கிற சிவப்புச் சட்னியும் வருகின்றன, டாஃப்னி எனக்கு உருண்டைகளை அள்ளிப் போட்டு, சாப்பிடு மேன், உன் மூஞ்சி ஏன் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கு என்கிறாள், டெரன்ஸ் பள்ளிக்கூடக் கதை சொல்கிறான், டாஃப்னி குறுக்கே விழுகிறாள், விசில் ஊதுறாரு பாரு மேன், மூஞ்சி செவக்க ஊதுறாரு, புள்ளைங்க காதப் பொத்திக்கினு ஓடுதுங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்ட்டு வார்னிங் குடுத்துச்சு, என்று சிரிக்கிறாள், டெரன்ஸும் சிரிக்கிறான், எனக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ பார்த்தது போல இருக்கிறது, முட்டை அட்டைச் சுவருக்கு முன்னால்.

நான் கேட்டேவிட்டேன், வாயில் சோற்றோடு, அன்னிக்கு ஏன்டா சுத்தமா இருந்துச்சுன்ன, ஊரே சிரிச்சுது, டாஃப்னி காதுல துணி வச்சுக்கிட்டா, நீ மட்டும் ஏன்டா பொய் சொன்ன, அந்த டிக் டிக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. டெரன்ஸ் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை அல்ல, எந்த டிக் என்றான். நான் கேலியாகச் சிரித்தேன், ஆமாம், நல்ல நடிகன் நீ என்றேன், அவன் டாஃப்னியைப் பார்த்தான், எந்த டிக் டாஃப் என்று கேட்டான், டாஃப்னியின் கையில் கரண்டி நின்றது, அவள் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள், அங்கே மைக்ரோவேவ் ரொம்ப நேரமாகப் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, டெரன்ஸ் அது எதுவும் தன் வீட்டில் நடக்காதது போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், பீப், பீப், அவன் ஒரு உருண்டையை உடைக்கிறான், பீப், குழம்பில் தோய்க்கிறான், பீப், கடற்கரைப் புல்தரை திரும்ப வந்தது, அத்தனை பேரில் அந்த டிக் கேட்காமல் சுத்தமாக என் பாட்டைக் கேட்டவர்கள் இரண்டே பேர், ஒருவன் காதை அடைத்துக்கொண்டிருந்த நான்.

டாஃப்னி பாத்திரத்தோடு வந்து அதை மேஜையில் ஓங்கி வைத்தாள், சொல்லிடு டெர்ரி என்றாள், என்ன சொல்றது என்றான் அவன், நீ சொல்லலன்னா நான் சொல்றேன் என்றாள், சொன்னாள், என் முகத்துக்கு நேராகக் கரண்டியை நீட்டிக்கொண்டு, இவருக்கு லெஃப்ட் காது செத்து எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா மேன், ரைட்ல கொஞ்சம் ஓடுது, மெல்லிசு சத்தம்லாம் போயிடுச்சு, குருவி இல்ல, கொலுசு இல்ல, காலிங் பெல் இல்ல, நான் திட்டினா மட்டும் கேக்குது, டாக்டர் அப்பவே சொன்னாரு, பேண்டா காதான்னு பாத்துக்கன்னு, இந்த ஆளு ரெண்டு வருஷம் பேண்டு பேண்டுன்னாரு மேன், நீ அந்தப் பெட்டிய இவர் காதாண்ட வச்சுக்கினு கத்த விட்ட, இவர் தலையத் தலையத் திருப்பினாரு, நீ அத போட்டோ எடுத்து பனியன்ல போட்டு வித்த, இப்ப என்னாண்ட வந்து டிக்கு கேட்டுச்சாங்கற, என்றாள். யாமினிக்கும் ஜெயசிங்குக்கும் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது, ஏன் தெரியுமா, சொன்னா நீ அழுவ, அழுதுட்டு அதையும் பாட்டா எழுதுவன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, ஒருவாட்டி இவர் சொல்லித்தான் பாத்தாரே, ரயிலு ஓடட்டுமேன்னு ஊரையே கத்த வச்சியே, என்றாள்.

டெரன்ஸ் கையை ஆட்டினான், அவ சும்மா எதாவது சொல்லுவா மச்சான், வயசாச்சு, அவ்ளோதான், எங்கப்பாவுக்கும் இப்டித்தான், பரம்பரை, நீ சாப்டு, என்றான், அதே குரல், பேக்கரியில் பப்ஸ் இதழ்களை அடுக்கியபோது இருந்த குரல், அன்றைக்கு நான் பேசியதில் பாதி இவனுக்குக் கேட்கவேயில்லை என்பது இப்போது தெரிகிறது, மேஜை அதிர்ந்ததால்தான் நிமிர்ந்தான், எனக்கு ஒரு ஜோக் வந்தது, நிஜமாகவே வந்தது, தொண்டை வரைக்கும், நல்ல ஜோக், டாஃப்னிகூடச் சிரித்திருப்பாள், நான் அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன், வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் ஜோக், சிவப்புச் சட்னியைவிட எரிந்தது. இல்லடா, நீ சொல்லு என்றேன், அவனுக்கு உதடு தெரியும்படி, மெதுவாக, விடு மச்சான் என்றான், விட மாட்டேன் என்றேன், எதுக்குடா இப்ப என்றான், எனக்குத் தெரியணும் என்றேன், டாஃப்னி, இன்னும் அவனுக்கு அவனப் பத்திதான் தெரியணுமாம் பாரு என்று முணுமுணுத்தாள், மெல்லிசாகச் சொன்னதால் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் இடது கையால் போனை எடுத்தேன், வலது கையெல்லாம் குழம்பு, அதில் எப்போதும் அந்த டிக் போடுகிற செயலி ஒன்று வைத்திருப்பேன், பல் விளக்கும்போதுகூட ஓட விடுவேன், நாற்காலியை விட்டு எழுந்து, அவனைச் சுற்றி வந்து, அவன் என்னை உட்கார விடாத இடப்பக்கத்தில் நின்றேன், எருமை உட்கார்ந்திருந்த இடத்தில், தட்டினேன், டிக், டிக், டிக், டிக், புல்தரையில் அத்தனை பெரிதாகக் கத்திய பல்லி இப்போது என் உள்ளங்கைக்குள் ஒரு குஞ்சு போலத் துடிக்கிறது, அதை அவன் இடது காதருகில் கொண்டுபோனேன், டாஃப்னி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள், அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கிறது, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகூடத் தலையைத் திருப்பிப் பார்த்தது போல இருந்தது, டெரன்ஸ் தலையை வலப்பக்கம் சாய்த்தான், பழக்கம், அந்தப் பக்கம் நான் வந்தாலே கழுத்து தானாகச் சாய்ந்துவிடும் போல, அட்டைப்படத்தில் இருக்கிற அதே சாய்வு, பனியன் சாய்வு, கேக்குதா என்றேன், அவன் முன்னால் குனிந்து உதடு காட்டி மறுபடி கேட்டேன், கேக்குதாடா, அவன் போனைப் பார்த்தான், திரையில் ஒரு சின்ன ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது தெரிந்தது, அவன் விரல் மேஜையில் அதோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தது, ஊசியைப் பார்த்தே, சரியாக, எப்போதும் போல ஒரு இம்மி பிந்தி, கேக்குது மச்சான், நல்லாவே கேக்குது, என்று சிரித்தான். நான் போனைக் கவிழ்த்துப் பிடித்தேன், ஊசி மறைந்தது, டிக் மட்டும் இருந்தது, அவன் விரல் மூன்று நான்கு முறை தனியாகத் தட்டியது, எங்கேயோ போயிற்று, நின்றது. கூடத்தில் நாங்கள் மூன்று பேர், இடையில் அந்தச் சத்தம், டெரன்ஸ் தட்டின் ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டான், தலையை நேராக நிமிர்த்தினான், எனக்குத் தெரிந்து முதல்முறையாக, சாய்க்காமல், என் கண்ணைப் பார்த்தான், உதட்டை அல்ல, கேக்கல என்றான், ஒண்ணும் கேக்கல, நீதான்டா காரணம், நீயா காதான்னு வந்துச்சு, காதுன்னு சொன்னேன், பேண்டு ஒண்ணும் உடையல, உன்ன விட்டு ஓடுனோம்.